பெத்ர் கின்ஸின் நாட்குறிப்பு ஏன் இத்தனை சுருக்கமாக இருக்கிறது?

மாடக்குளத்தான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாஜிகள் காலத்து யூதச் சிறார்களின் நாட்குறிப்பு என்றாலே நம்மில் பெரும்பாலோருக்கு ஆன் ஃபிராங்கின் பெயர் மட்டுமே நினைவுக்கு வருகிறது. அவரைவிட ஒரு வயது மூத்தவனான பெத்ர் கின்ஸ் என்ற பிராக் நகரச் சிறுவனைப் பற்றி இங்கே விரிவாகப் பேச வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன்.

பெத்ர் 1928 பிப்ரவரி 1 அன்று பிறந்தவன். தந்தை ஓட்டோ யூதர். தாய் மரியே யூதரல்லாதவர். இருவரும் உலகப் பொதுமொழியாக உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோ என்ற செயற்கை மொழியின் ஆர்வலர்கள். அந்த ஆர்வமே அவர்களைச் சேர்த்து வைத்தது. எவா என்று ஒரு தங்கை. நமக்குக் கிடைத்திருக்கும் நாட்குறிப்பு 1941 செப்டம்பர் 19 அன்று தொடங்கி 1942 ஆகஸ்டில் முடிகிறது. பயன்படுத்திய தாள்களைச் சேர்த்து அவனே தைத்து அட்டை போட்ட இரண்டு குறிப்பேடுகள் அவை.

தொடக்க நாளைக் கவனியுங்கள். செக் நிலப்பகுதியில் ஆறு வயதுக்கு மேற்பட்ட யூதர் அனைவரும் மஞ்சள் நட்சத்திரம் அணிந்தே வெளியே வரவேண்டும் என்ற ஆணை நடைமுறைக்கு வந்த நாள் அது. பதின்மூன்று வயதுப் பையன் அன்று என்ன எழுதியிருக்கிறான்? மூடுபனியாக இருந்தது, யூதர்கள் சின்னம் அணிய வேண்டும், பள்ளிக்குப் போகும் வழியில் 69 'ஷெரிஃப்'களை எண்ணினேன், அம்மா நூற்றுக்கு மேல் பார்த்திருக்கிறார். அமெரிக்கக் கௌபாய் கதைகளில் நட்சத்திரம் குத்திக்கொண்டு வரும் காவலர்களை நினைத்து அந்தப் பெயரை வைத்திருக்கிறான். நட்சத்திரக்காரர்கள் நிறைய நடமாடிய ஒரு தெருவுக்குப் 'பால்வெளி' என்று பெயர் வந்துவிட்டது என்பதையும் குறித்து வைக்கிறான். எப்படி இருந்தது, அழுகை வந்ததா, அவமானமாக இருந்ததா என்று ஒரு சொல்கூட இல்லை.

அடுத்து வரும் பக்கங்களும் இப்படித்தான். காலையில் வீட்டில், பிற்பகல் பள்ளியில் என்று ஒரு வரி. அதையடுத்து இன்னாரைப் போலந்துக்கு அனுப்புகிறார்கள் என்று ஒரு வரி. மறுநாள் மறுபடியும் பள்ளி. முதல் முறை வாசித்தபோது இந்தச் சுருக்கம் என்னைத் தள்ளி நிறுத்தியது. இரண்டாம் முறை வாசித்தபோதோ, பக்கங்களைக் கடப்பதே கடினமாக இருந்தது. இந்தச் சுருக்கத்தை நீங்கள் எப்படிப் புரிந்துகொள்கிறீர்கள்? குழந்தைக்கே உரிய அறியாமையா, அச்சமா, அல்லது தெரிந்தே மேற்கொண்ட எழுத்து முறையா?

நூலகத்திண்ணை எழுதியது:

மாடக்குளத்தார் ஐயா, அறியாமை என்பதை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். அதே குறிப்பேட்டில், யூதர்கள்மீது சுமத்தப்பட்ட தடைகளை ஒவ்வொன்றாக அடுக்கி அவன் எழுதிய எதுகைப் பாட்டு ஒன்று இருக்கிறது. எந்தத் தடை எந்த அளவுக்குப் பைத்தியக்காரத்தனமானது என்று புரியாத ஒருவனால் அந்தப் பாட்டை எழுதியிருக்க முடியாது.

1942 மே 27 அன்று பிராக் நகரில், செக் நிலப்பகுதியை ஆண்ட நாஜி அதிகாரி ஹைட்ரிஷ்மீது குண்டு வீசப்பட்ட பிறகு வரும் குறிப்புகளையும் பாருங்கள். தாக்கியவர்களைக் காட்டிக்கொடுப்போருக்கு ஒரு கோடி கிரவுன் பரிசு என்று அறிவித்ததை எழுதுகிறான். பழிவாங்கலாகச் சுட்டுக்கொல்லப்படுவோரின் பட்டியல் நாள்தோறும் வெளியாகத் தொடங்கியதும் அதையும் தொடர்ந்து குறித்துக்கொண்டு வருகிறான். லிடித்ஸே என்ற சிற்றூரில் ஒரே நாளில் 173 ஆண்களைச் சுட்டு, ஊரையே தரைமட்டமாக்கிய ஜூன் மாதம் அது. பெரியவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு குரலைத் தாழ்த்திப் பேசிய செய்திகளை ஒரு பள்ளிச் சிறுவன் தேதியிட்டுப் பதிவு செய்திருக்கிறான்.

அச்சத்தால் சுருக்கினான் என்பதையும் நான் ஏற்கமாட்டேன். அஞ்சியிருந்தால் மரண தண்டனைகளையும் தடைப்பாட்டையும் எழுதாமல் விட்டிருப்பான். வீட்டில் சோதனை நடந்தால் அந்த இரண்டு மட்டுமே போதும். அவனுடைய மனம் ஒரு செய்தியாளரின் மனம் என்பதே என் துணிபு. தான் என்ன நினைத்தான் என்பதைக் காட்டிலும் என்ன நடந்தது என்பதே எழுதத் தக்கது என்று அவன் கருதினான். ஆன் ஃபிராங்க் வெளியுலகைக் காண இயலாத மறைவிடத்தில் இருந்துகொண்டு உள்ளுக்குள் தோண்டினார். பெத்ரோ தெருவில் நடந்துகொண்டே எழுதினான். இருவரையும் ஒரே அளவுகோலால் அளப்பது பெத்ருக்கு இழைக்கும் அநீதி.

பொருநைக்கரை எழுதியது:

இந்த இழையை இனி வாசிப்போருக்குப் பயன்படும் என்பதால் சட்டத்தைப் பற்றிச் சிறிது விளக்குகிறேன். பெத்ரின் வாழ்க்கையை முடிவு செய்தது அந்தக் கணக்குதான்.

கலப்புத் திருமணம் செய்த யூதருக்கு, யூதரல்லாத துணை உயிரோடு உடனிருக்கும்வரை, நாடு கடத்தலிலிருந்து ஒரு தற்காலிகப் பாதுகாப்பு இருந்தது. ஆகவே தந்தை ஓட்டோ பிராக் நகரிலேயே இருக்க முடிந்தது. போரின் கடைசி மாதங்களில், 1945 தொடக்கத்தில்தான் அவரையும் கொண்டுபோனார்கள். ஆனால் அத்தகைய திருமணத்தில் பிறந்து யூதராகப் பதிவு செய்யப்பட்டிருந்த குழந்தைகள் பதினான்கு வயதை எட்டியதும் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டுத் தனியாக அனுப்பப்பட்டார்கள். பெத்ருக்கு 1942 பிப்ரவரியில் பதினான்கு நிறைந்தது. அக்டோபரில் அழைப்பு வந்தது. இரண்டு வயது இளையவளான எவாவின் முறை 1944 மே மாதத்தில் வந்தது.

அதாவது அந்த வீட்டில் ஒவ்வொரு பிறந்தநாளும் ஒரு கெடுவாக இருந்தது. தாயும் தந்தையும் வீட்டில் இருக்க, பிள்ளைகள் ஒருவர்பின் ஒருவராகத் தனியே போனார்கள். நாட்குறிப்பின் கடைசி ஆறு மாதங்களை இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு வாசித்தால், அவன் எழுதாமல் விட்டது என்ன என்பது தெரியும். தனக்குப் பதினான்கு ஆகிவிட்டது என்பதன் பொருள் அவனுக்கும் தெரியும், பெற்றோருக்கும் தெரியும்.

செங்காந்தள் எழுதியது:

பெத்ர் கின்ஸைப் பற்றிய எந்தப் பேச்சும் ஒரு படத்தில் போய் நிற்கும். நம் இழையில் அது இன்னும் வரவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. ஆனாலும் அதைச் சொல்லாமல் இந்த நாட்குறிப்பு நம் கைக்கு வந்த கதையைச் சொல்ல முடியாது.

யூதர்களை அடைத்து வைத்த தெரேசின் கெட்டோவில் இருந்தபோது பெத்ர் பென்சிலால் ஒரு படம் வரைந்தான். கூர்கூரான மலைகள் நிறைந்த நிலாவின் தரையில் நின்று பார்த்தால் வானில் பூமி எப்படித் தெரியும் என்பதே படம். மனிதன் நிலவில் காலடி வைப்பதற்கு இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முந்தைய கற்பனை. இஸ்ரேலின் முதல் விண்வெளி வீரரான இலான் ரமோன், ஆஷ்விட்ஸ் என்ற நாஜிக் கொலை முகாமிலிருந்து உயிர்மீண்ட ஒரு தாயின் மகன். தன் பயணத்தில் இனப்படுகொலையின் நினைவாக ஏதேனும் ஒன்றை எடுத்துச் செல்ல விரும்பி எருசலேமின் யாத் வஷேம் நினைவகத்தை அணுகினார். அவர்கள் இந்தப் படத்தின் நகலைக் கொடுத்தார்கள். அந்த விண்கலம் கொலம்பியா. நம் கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவரோடு 2003 பிப்ரவரி 1 அன்று அது வானிலேயே சிதறியது நம்மில் பலருக்கு நன்றாக நினைவிருக்கும். பெத்ர் உயிரோடு இருந்திருந்தால் அன்று அவனுக்கு எழுபத்தைந்தாவது பிறந்தநாள்.

அந்தச் செய்திகளில் பெத்ரின் பெயர் உலகெங்கும் அடிபட்டது. பிராக் நகரின் மொத்ரானி பகுதியில் ஒரு பழைய வீட்டில் கிடைத்த குறிப்பேடுகளையும் ஓவியங்களையும் வைத்திருந்த ஒருவர், அந்தப் பெயர் தன்னிடமுள்ள காகிதங்களிலும் இருப்பதைக் கண்டு யாத் வஷேமுக்குத் தெரிவித்தார். இஸ்ரேலில் ஹவா பிரெஸ்பர்கர் என்ற பெயரில் ஓவியராக வாழ்ந்துகொண்டிருந்த தங்கை எவாவிடம் அவற்றைக் காட்டியபோது, அண்ணனின் கையெழுத்தை அடையாளம் கண்டுகொண்டார். 2004-இல் அவருடைய பதிப்பாகவே நாட்குறிப்பு செக் மொழியில் அச்சேறியது. அறுபது ஆண்டுகள் யாருக்கும் தெரியாமல் கிடந்த குறிப்பேடுகள் அவை.

இதில் என் ஆதங்கம் என்னவென்றால், இந்தக் கதை அவ்வளவு வியப்பாக இருப்பதால் பெத்ர் வானத்தைப் பார்த்துக் கனவு கண்ட ஒரு பையனாக மட்டுமே நின்றுவிடுகிறான். அவன் அப்படிப்பட்டவன் அல்லன். ஓயாத உழைப்பாளி. பிராக் நகரில் இருந்தபோதே ஜூல் வெர்னின் பாணியில் நாவல்கள் எழுதித் தானே படம் வரைந்து கட்டு கட்டியவன். எஸ்பெராண்டோவுக்கும் செக் மொழிக்கும் ஓர் அகராதி தொகுத்தவன். படத்தை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறவர்களுக்கு அந்த உழைப்பாளி தெரியாமலே போகிறான்.

மாடக்குளத்தான் எழுதியது:

செங்காந்தள் அம்மா சொன்ன உழைப்பாளியை இரண்டு இடங்களில் மிக அருகில் பார்க்கலாம்.

முதலாவது, அவன் புறப்பட்ட நாள். தெரேசினுக்குப் போன பிறகு அந்த நாளை நினைவுகூர்ந்து எழுதியிருக்கிறான். தட்டச்சுப் பொறிகளைப் பழுதுபார்க்கும் இடத்தில் அவனுக்கு வேலை. பொறி ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, அவன் பெயர் அனுப்பப்படுவோர் பட்டியலில் இருக்கிறது என்ற தகவல் வருகிறது. அவன் பதறவில்லை, துடைப்பதைத் தொடர்கிறான். வீட்டுக்கு வந்து பெட்டி கட்டும்போது என்னென்ன எடுத்துவைத்தான் என்று பட்டியல் தருகிறான்: தாள்கள், அச்சுப்படம் செதுக்குவதற்கான லினோலியத் துண்டுகள், செதுக்கும் சிறு கத்திகள், புத்தகம் கட்டத் தோல் துண்டுகள், பாதியில் நிற்கும் 'அல்தாயின் ஞானி' என்ற தன் நாவல். பதினான்கு வயதுப் பையன் தன்னந்தனியாகப் போகிறான். கையோடு ஒரு பட்டறையையே கொண்டுபோகிறான்.

இரண்டாவது, 'வேதெம்' என்ற இதழ். பிராக் நகருக்கு வடக்கே அறுபது கிலோமீட்டர் அளவில் இருக்கும் பழைய கோட்டை நகரம் தெரேசின். போருக்கு முன் ஏழாயிரம் பேர் வாழ்ந்த இடத்தில் 1942 செப்டம்பரில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரை அடைத்திருந்தார்கள். முன்பு பள்ளியாக இருந்த எல்417 என்ற கட்டடத்தின் முதல் அறையில், மூன்றடுக்குக் கட்டில்களில் நாற்பது பையன்கள் அளவில் இருந்தார்கள். அவர்களுக்குப் பொறுப்பாக இருந்த வால்டர் ஐசிங்கர் என்ற இளம் ஆசிரியர் அவர்களைத் தாங்களே தங்களை ஆளும் ஒரு சிறு குடியரசாக அமைத்துக்கொள்ளத் தூண்டினார். அந்தக் குடியரசின் வார இதழ்தான் வேதெம், ஆசிரியர் பெத்ர். 1942 டிசம்பரில் தொடங்கி 1944 வரை வந்தது. ஒவ்வோர் இதழும் ஒரே ஒரு படிதான். தொடக்கத்தில் தட்டச்சு, பிறகு கையெழுத்து. வெள்ளிக்கிழமை மாலை எல்லோரும் கூடியிருக்க, எழுதியவர்களே உரக்க வாசிப்பார்கள்.

எழுத்தாளர்களிடமிருந்து கட்டுரை வாங்குவது எந்தப் பத்திரிகை ஆசிரியருக்கும் தலைவலி. பெத்ர் தன் பெற்றோர் அனுப்பும் பொட்டலத்தில் வரும் தின்பண்டங்களைக் கொடுத்துக் கட்டுரை வாங்கினான். அதற்கும் மசியாவிட்டால் புனைபெயர்களில் தானே எழுதிப் பக்கங்களை நிரப்பினான். பசி தீராத ஓர் இடத்தில் ஒரு பதினைந்து வயதுப் பையன் தன் உணவைக் கொடுத்துக் கட்டுரை வாங்கியிருக்கிறான் என்பதை எண்ணும்போது எனக்கு அவன்மீது அன்பைவிட மரியாதையே மேலோங்குகிறது.

நூலகத்திண்ணை அவனைச் செய்தியாளன் என்றார். அதற்கு இங்கே நேரடிச் சான்று இருக்கிறது. 'தெரேசினில் ஒரு சுற்று' என்பது போன்ற ஒரு தொடரை அவன் எழுதினான். ரொட்டிக்கூடம், தீயணைப்பு நிலையம், பிணம் எரிக்கும் கூடம் என்று ஒவ்வோர் இடமாகப் போய், எப்படி வேலை நடக்கிறது என்று பார்த்து எழுதினான். முப்பத்து மூவாயிரம் பேர் நோயாலும் பசியாலும் இறந்த ஓர் ஊரில், எரியூட்டும் கூடத்துக்குள் போய்ப் பார்த்து அங்கே நடப்பதை விவரித்திருக்கிறான்.

தாமரைப்பாக்கம் எழுதியது:

பெத்ரின் சுருக்கத்தைப் புரிந்துகொள்ள அதே காலத்து இன்னொரு நாட்குறிப்பை உடன்வைத்து வாசிக்கலாம் என்று தோன்றுகிறது. போலந்தின் வூச் நகர கெட்டோவில் வாழ்ந்த தாவித் ஷெராகோவியக் என்ற இளைஞரின் நாட்குறிப்பைச் சொல்கிறேன். 1924-இல் பிறந்தவர், 1943 ஆகஸ்டில், பத்தொன்பது வயதில், கெட்டோவிலேயே பசியாலும் நோயாலும் இறந்தார். அவருடைய ஐந்து குறிப்பேடுகள் தப்பின.

1941 அக்டோபரிலும் நவம்பர் தொடக்கத்திலும் பிராக் நகரிலிருந்து ஆயிரம் ஆயிரம் பேராக ஐந்து ரயில்களில் யூதர்களை வூச் நகருக்குக் கொண்டுபோனார்கள். பெத்ர் 'போலந்துக்கு அனுப்புகிறார்கள்' என்று எழுதிய நாட்கள் இவைதாம். அந்த ரயில்கள் போய்ச் சேர்ந்த இடத்தில் தாவித் இருந்தார். வந்தவர்களின் அழகிய பெட்டிகளையும், வண்டி வண்டியாக வந்த ரொட்டியையும், குழாய்த் தண்ணீர் வசதியோடு இரண்டு அறை வீடு கிடைக்குமா என்று அவர்கள் விசாரித்ததையும் அவர் எழுதுகிறார். நாள்தோறும் கிடைக்கும் சூப்பின் அளவையும் ரொட்டியின் எடையையும் கணக்குப் பார்த்து வாழ்ந்த ஒருவரின் கண்ணுக்கு முதலில் பட்டது அந்த ரொட்டி. வீட்டு வசதி கேட்டவர்களுக்கு அடுத்த சில மாதங்களில் என்ன நேர்ந்தது என்பதையும் அவருடைய பக்கங்கள் சொல்கின்றன.

ஒருவன் எழுதியது புறப்பாடு. மற்றவர் எழுதியது வந்துசேர்தல். இருவரும் ஒருவரையொருவர் அறியார். பெத்ரின் அந்த ஒற்றை வரி ஏன் சுருக்கமாக இருக்கிறது என்பதற்கு எனக்குக் கிடைக்கும் விடை எளியது: ரயில் எங்கே போகிறது என்பதற்கு மேல் அவனுக்குத் தெரியவில்லை; தெரியாததை அவன் எழுதவில்லை.

நூலகத்திண்ணை எழுதியது:

தாமரைப்பாக்கம் அவர்கள் காட்டிய இணைப்பு மிகச் சிறப்பானது, மனமார்ந்த நன்றி. இருப்பினும் முடிவில் எனக்கு ஒரு மாறுபாடு உண்டு. தெரியாததை எழுதவில்லை என்பது ரயில்களைப் பொறுத்தவரை சரி. ஆனால் நண்பன் ஒருவன் வகுப்பிலிருந்து காணாமல் போவது அவனுக்கு நன்றாகத் தெரிந்த செய்தி. பிராக் நகரின் யாக்கிமோவா தெருவில் இருந்த யூதப் பள்ளியில் அவன் படித்தான். வாரந்தோறும் இருக்கைகள் காலியாகின்றன. அதையும் அவன் ஒரு வரியில்தான் எழுதுகிறான். இங்கே தகவல் குறைவல்ல. உணர்ச்சியைத் தாளில் வைக்க மறுக்கும் உறுதி இருக்கிறது. அந்த உறுதியைக் குழந்தையின் எளிமை என்று நாம் சொல்லிவிடக் கூடாது.

செங்காந்தள் எழுதியது:

உணர்ச்சி எங்கே என்று கேட்போர் எவாவின் நாட்குறிப்பையும் வாசிக்க வேண்டும். அண்ணனின் புத்தகத்திலேயே அதன் பகுதிகளைச் சேர்த்திருக்கிறார். 1944 மே மாதம் தெரேசினுக்கு வந்து சேர்ந்த எவாவுக்கு அண்ணனோடு இருக்கக் கிடைத்தது நான்கு மாதங்கள்தான். ஜூன் மாதத்தில் செஞ்சிலுவைச் சங்கத்தார் பார்வையிட வந்தபோது ஊரைப் பூச்சு வேலை செய்து அழகுபடுத்திக் காட்டினார்கள். அந்த நாடகம் முடிந்து, செப்டம்பர் 28 முதல் ஒரே மாதத்தில் பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஆஷ்விட்ஸுக்கு அனுப்பினார்கள். முதல் ரயிலிலேயே பெத்ர் போனான்; அவர்களுடைய உறவுப் பையன் பாவெலும் போனான்; ஆசிரியர் ஐசிங்கரும் போனார்.

எவா கூட்டத்தை முண்டியடித்துக்கொண்டு, குறுக்கே கட்டியிருந்த கயிற்றின் கீழே புகுந்து ஓடி, ரயில் பெட்டிச் சன்னல் வழியாக அண்ணனிடம் ரொட்டித் துண்டுகளைக் கொடுக்கிறாள், காவலர் விரட்டிவிடுகிறார். பிறகு வரும் நாட்களில் அண்ணன் இப்போது எங்கே இருப்பான், குளிருமா, சாப்பிட்டிருப்பானா என்று திரும்பத் திரும்ப எழுதுகிறாள். பெத்ர் ஆஷ்விட்ஸுக்குப் போய்ச் சேர்ந்ததுமே நச்சுவாயு அறையில் கொல்லப்பட்டான். அவனுக்குப் பதினாறு வயது. அந்த வரிகளை எழுதும்போது தங்கைக்கு அது தெரியாது. வாசிக்கும் நமக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு அதுவே தாங்க முடியாததாக இருந்தது.

அண்ணனின் சுருக்கத்தைத் தனியே எடுத்து ஆராய்வதில் தவறில்லை. ஆனால் ஒரே வீட்டில் வளர்ந்த இருவரில் ஒருவர் மனத்தை அப்படியே கொட்டுகிறார், மற்றவர் எண்ணிக்கையையும் தேதியையும் எழுதுகிறார் என்றால், காலத்தையும் சூழலையும் மட்டும் காரணம் காட்ட முடியாது. இயல்பும் சேர்ந்தே இருக்கிறது. அந்த அளவில் நூலகத்திண்ணை ஐயாவோடு நான் உடன்படுகிறேன்.

பொருநைக்கரை எழுதியது:

ஒரு சிறு கேள்வி. வேதெம் ஒரே படி மட்டுமே இருந்த இதழ் என்றால், எழுதியவர்களெல்லாம் ஆஷ்விட்ஸுக்குப் போன பிறகு அது எப்படிப் பிழைத்தது? பெத்ரின் தந்தையோ தங்கையோ காப்பாற்றினார்களா?

மாடக்குளத்தான் எழுதியது:

இல்லை ஐயா. அந்த அறையில் வாழ்ந்து போன பையன்கள் ஏறத்தாழ நூறு பேர். போருக்குப் பின் மிஞ்சியவர்கள் பதினைந்து பேர் அளவில்தான். அவர்களுள் ஸ்தெனெக் தௌசிக் என்பவர் இறுதிவரை தெரேசினிலேயே இருந்தார். அவருடைய தந்தை கெட்டோவின் கொல்லுப்பட்டறையில் வேலை செய்தார். எண்ணூறு பக்கம் அளவிலான இதழ்களை அங்கே மறைத்து வைத்திருந்து, விடுதலைக்குப் பின் 1945 மே மாதத்தில் தௌசிக் பிராக் நகருக்குக் கொண்டுவந்தார். கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்தில் அவற்றை வெளியிட வழியில்லாமல் போயிற்று. ஆட்சி மாறிய பிறகுதான் அவற்றிலிருந்து ஒரு தேர்வு நூலாக வந்தது. இதழ்கள் இப்போது தெரேசின் நினைவகத்தில் இருக்கின்றன. எவாவும் தந்தை ஓட்டோவும் தெரேசினிலிருந்து உயிரோடு வீடு திரும்பினார்கள்.

தாங்கள் நாட்குறிப்பை இன்னும் தொடங்கவில்லை என்றால், முதலில் அந்த ரொட்டிக்கூடத்தையும் தீயணைப்பு நிலையத்தையும் பற்றிய கட்டுரைகளை வாசித்துவிட்டு, அதன் பிறகு 1941 செப்டம்பர் 19-க்குப் போங்கள். எழுதுகிறவன் யார் என்று தெரிந்த பிறகு வாசிக்கும்போது, 69 என்ற எண்ணை அவன் ஏன் எண்ணினான் என்று கேட்கவே தோன்றாது.